மக்காத இறக்கை

ஆடிக் காற்றில் அம்மி பறக்குமோ பறக்காதோ, ஆண்டிபட்டிப் பக்கம் நடந்து போகிறவனுடைய மேல்துண்டு கட்டாயம் பறந்துவிடும். சென்ற ஆடியில் என் துண்டு அப்படித்தான் பறந்தது. அதைத் துரத்திக்கொண்டு ஒரு மேய்ச்சல் காட்டுக்குள் இறங்கியபோதுதான் அந்த இறக்கையைப் பார்த்தேன்.

கருவேலஞ் செடிகளுக்கு நடுவே, வெள்ளையாக, ஏறக்குறைய நாற்பது அடி நீளத்தில் என்னவோ கிடந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் கவிழ்த்துப் போட்ட படகு மாதிரி இருந்தது. கடலுக்கும் ஆண்டிபட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொண்டே கிட்டப் போனேன். அதன் நிழலில் ஏழெட்டு ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஆடுகளுக்குச் சொந்தக்காரரான முதியவர் என் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"இந்தாங்கய்யா. முள்ளுல மாட்டிக்கிச்சு. கிழியல."

துண்டை வாங்கிக்கொண்டு, "இது என்ன பெரியவரே?" என்று கேட்டேன்.

"காத்தாடி றெக்கைங்கய்யா. மேல சுத்துனதைக் கழட்டிக் கீழ போட்டாக. இரும்பு, கம்பி எல்லாத்தையும் லாரியில ஏத்திட்டுப் போயிட்டாக. இது மட்டும் கெடக்கு."

"இதை ஏன் எடுக்கவில்லை?"

"யாரு வாங்குவா? புதைச்சா மக்காது, எரிச்சா நாத்தம், அறுத்தா அரிப்பு."

இந்த விஷயத்தைப் பற்றி நான் பிறகு எத்தனையோ படித்தேன். அந்தப் பெரியவர் மூன்று பேச்சில் சொல்லி முடித்ததைத்தான் புத்தகங்கள் பல பக்கங்களில் சொல்கின்றன.

க. விலக்கில் பிரிந்து கண்டமனூர் வழியாக வருசநாட்டுக்குப் போகிற சாலையில் பயணம் செய்தவர்களுக்குக் காற்றாலைகள் புதிதல்ல. மேற்கு மலைத் தொடர் தெற்கே இறங்கி வரும்போது சில இடங்களில் காற்றுக்கு வழிவிட்டுக் கொடுக்கிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் என்ற நான்கு கணவாய்களைச் சொல்வார்கள். தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையை இறக்கிவிட்டு, வெறுங்கையோடு, ஆனால் வேகத்தோடு நம் பக்கம் வருகிறது. மழை தராத காற்று என்று நம் முன்னோர் அதை நொந்துகொண்டார்கள். அந்தக் காற்றிலிருந்தும் ஒரு விளைச்சல் எடுக்கலாம் என்று 1986-ல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் சோதனை செய்து பார்த்தார்கள். இன்று தமிழ்நாட்டில் நிறுவப்பட்டிருக்கும் காற்றாலைகளின் திறன் பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

ஆகவே காற்றாலைகளைப் பழிப்பதற்காக நான் இதை எழுதவில்லை. நிலக்கரி வாங்க வேண்டாம், சாம்பல் கொட்ட வேண்டாம், நதியை மறிக்க வேண்டாம். வானத்தில் போகிற காற்றைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வேலை வாங்குகிறோம். இதைவிடக் கைசுத்தமான தொழில் உண்டா? கைசுத்தமான தொழிலில் ஒரு கறை தெரியும்போது மனம் கூடுதலாக உறுத்துகிறது. அழுக்கான தொழிலில் அந்தக் கறையை யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

காற்றாலை யந்திரத்துக்கு ஆயுள் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள். தொண்ணூறுகளில் நட்டவை இப்போது முதுமை அடைந்துவிட்டன. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய யந்திரங்களைக் கழற்றிவிட்டுப் பெரியவற்றை நிறுவவோ, பழையவற்றைப் பழுதுபார்த்து ஓட்டவோ வழிசெய்யும் கொள்கை ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2024-ல் வெளியிட்டது. காற்று நன்றாக வீசும் இடங்களை எல்லாம் சிறிய பழைய யந்திரங்கள் பிடித்துக்கொண்டிருப்பதால் இது நியாயமான ஏற்பாடுதான். பழைய யந்திரத்தின் இறக்கை பதின்மூன்று மீட்டர் என்றால் புதியதன் இறக்கை அறுபது, எழுபது மீட்டர். இன்று அந்த முதியவரின் ஆடுகளுக்கு நிழல் கொடுப்பது சின்ன இறக்கை. பெரியவை இன்னும் இருபது ஆண்டு கழித்து விழும்.

கோபுரம் எஃகு, உருக்கிவிடலாம். உள்ளே செம்பு இருக்கிறது. பழைய சாமான் வியாபாரி அதைத் தேடி வருவார். எடையில் நூற்றுக்கு எண்பத்தைந்து, தொண்ணூறு பங்கு மறு உபயோகத்துக்குப் போய்விடுகிறது என்று ஐரோப்பியக் காற்றாலைச் சங்கத்தார் கணக்குச் சொல்கிறார்கள். எஞ்சுவது இறக்கைதான்.

இறக்கை எதனால் ஆனது? பழையவற்றில் கண்ணாடி இழை. இப்போது செய்யும் நீண்ட இறக்கைகள் பலவற்றில், முதுகெலும்பு போல ஓடும் நடுப்பட்டையில், கார்பன் இழை. தமிழில் கரியிழை என்று சொல்லிக்கொள்ளலாம். தலைமயிரில் பத்தில் ஒரு பங்கு பருமன். எஃகின் எடையில் கால் பங்குகூட இல்லை. ஆனால் இழுத்தால் எஃகை வெட்கப்பட வைக்கும். அமெரிக்காவில் ரோஜர் பேக்கன் என்ற விஞ்ஞானி 1958-ல் இந்த வலிமையைக் கண்டறிந்தார். கரியிழை என்ற பொருள் அதற்கு முன்பே உண்டு. எடிசன் தம் மின்விளக்குக்குள் வைத்தது மூங்கில் நாரைக் கருக்கி எடுத்த கரியிழைதானே!

அதைச் செய்யும் முறை நம் நாட்டுக்காரர்களுக்குப் புரியக்கூடியது. விருதுநகர், இராமநாதபுரம் பக்கங்களில் கரிமூட்டம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். சீமைக் கருவேலங் கட்டைகளை அடுக்கி, மண்ணால் மூடி, காற்றுப் புகாமல் உள்ளுக்குள்ளேயே கனிய விடுவார்கள். கட்டை எரிந்து சாம்பலாகாமல் கரியாக நிற்கும். கரியிழையும் அப்படித்தான். அக்ரிலிக் இனத்துச் செயற்கை நூலை முதலில் இதமாகச் சுட்டுப் பக்குவப்படுத்தி, பிறகு காற்றுப் புகாத உலையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் கருக்கி எடுக்கிறார்கள். நூல் தன்னிடம் உள்ள மற்றவற்றை எல்லாம் விட்டுவிட்டுக் கரியாக மட்டும் நிற்கிறது. இதற்குச் செலவாகும் சக்தி மிக அதிகம். அதனால்தான் விலையும் அதிகம்.

இழை மட்டும் போதாது. அதைப் பாய் பாயாக அடுக்கிப் பிசினில் நனைத்து இறுக்க வேண்டும். அந்தப் பிசின் ஒருமுறை இறுகினால் இறுகியதுதான். மெழுகு உருகும், மறுபடி உறையும். வெந்த முட்டையைத் திரும்பப் பச்சை முட்டை ஆக்க முடியுமா? இந்தப் பிசின் வெந்த முட்டை. மழை, வெயில், உப்புக் காற்று எதற்கும் அசையாமல் இருபத்தைந்து வருஷம் சுழல வேண்டும் என்று கேட்டோம், அப்படியே கொடுத்தது. சுழன்று முடித்த பிறகும் அது அசையாமல் இருக்கிறது என்று இப்போது குறைப்படுகிறோம்.

*

நான் தங்கியிருந்தது தேனியில், பௌதிக ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் பள்ளித் தோழன் வீட்டில். மறுநாள் அவன் மனைவி ஒரு பழைய மெத்தையைக் கட்டி எடுத்துக்கொண்டு, "போடி வரைக்கும் போயிட்டு வந்திருங்க" என்று எங்கள் இருவரையும் விரட்டினார். போடிநாயக்கனூர் ஏலக்காய்க்குப் பேர்போனது என்பது எல்லோருக்கும் தெரியும்; இலவம் பஞ்சுக்கும் அப்படியே.

மெத்தைக்காரர் உறையைப் பிரித்து, பஞ்சைக் கையில் எடுத்து ஊதிப் பார்த்தார். வெயிலில் உலர்த்திக் குச்சியால் தட்டி உதறினால் முக்கால்வாசி தேறும் என்றார்.

"மறுபடியும் மெத்தையே ஆயிருமா?" என்று என் தோழன் கேட்டான்.

"மெத்தைக்குப் புதுசு கொஞ்சம் கலக்கணுங்கய்யா. கலக்காம வேணும்னா தலையணை ஆறு தர்றேன். தலையணை இளைச்சா திண்டுக்கு ஆகும். பஞ்சு எங்கயும் போகாது. ஆனா ஒவ்வொரு தடவையும் ஒரு படி இறங்கும்."

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் நான் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த மெத்தையை ஒரு தொட்டிப் பசையில் முக்கிக் கல்லாக உலர்த்திவிட்டு, "பஞ்சை எடுத்துக் கொடுங்கள்" என்று அவரிடம் கேட்டால் என்ன சொல்வார்? கரியிழைக் கழிவை மீட்க முயலுகிறவர்கள் செய்வது அந்த வேலைதான்.

வழிகள் இல்லாமல் இல்லை. கழிவைத் துண்டாக்கி அரைத்து, வேறு பொருளோடு கலந்துவிடுவது ஒரு வழி. அதில் இழை பொடியாகிவிடுகிறது. சூட்டிலும் அழுத்தத்திலும் திராவகங்களைக் கொண்டு பிசினைக் கரைத்து எடுப்பது இன்னொன்று. இப்போது தொழிலாக நடப்பது பெரும்பாலும் மூன்றாவது வழி. அது மீண்டும் கரிமூட்டந்தான்! கழிவைக் காற்றுப் புகாத உலையில் நானூறு முதல் எழுநூறு டிகிரி வரை சுடுகிறார்கள். பிசின் ஆவியாகிப் போய்விடுகிறது. கரியிழை, ஏற்கனவே ஆயிரம் டிகிரி பார்த்ததல்லவா, நிற்கிறது. எந்தத் தீயில் பிறந்ததோ அதே மாதிரித் தீயில் விடுதலை பெறுகிறது. புதிய இழை செய்ய ஆகும் சக்தியில் ஒரு சிறு பங்குதான் இதற்குச் செலவு. இங்கிலாந்தில் இதற்கென்றே ஆலை அமைத்தார்கள். எடையில் பாதி இந்தக் கூட்டுப்பொருளாலான 787 விமானத்தைச் செய்யும் போயிங் கம்பெனி, தன் ஆலைகளில் வெட்டி எஞ்சும் துண்டுகளை அங்கே கொடுக்க 2018-ல் ஒப்பந்தம் செய்துகொண்டது.

ஆனால் மெத்தைக்காரர் சொன்ன படி இறக்கம் இங்கும் உண்டு. அறுபது மீட்டர் ஒரே ஓட்டமாக ஓடிய இழை, விரல் நீளத் துண்டுகளாக வெளியே வருகிறது. பஞ்சாலைகள் நிறைந்த தேனிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இழை நீளம் குறைந்தால் நயம் நூல் வராது. மீட்ட கரியிழையை ஒழுங்கில்லாத பாயாகப் பரப்பியோ, பிளாஸ்டிக்கோடு கலந்தோ மோட்டார் உறுப்புகளும் சாமான்களின் மேற்கூடுகளும் செய்கிறார்கள். அது மறுபடி இறக்கை ஆவதில்லை. ஆகாயத்தில் சுழன்றது தரையில் ஒரு மூடியாகக் கிடக்கிறது.

இதை இழிவு என்று சொல்லலாமா? அப்துல் கலாம் பல மேடைகளில் சொன்ன ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. அக்னி ஏவுகணைக்காக ஹைதராபாத்தில் எடை குறைந்த கரிப்பொருளைச் செய்துகொண்டிருந்த காலம். நிஜாம் மருத்துவக் கழகத்தின் எலும்பு வைத்தியர் ஒருவர் அந்தப் பொருளைக் கையில் தூக்கிப் பார்த்தாராம். பிறகு கலாமைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துப் போய், மூன்று கிலோ எடையுள்ள இரும்புப் பட்டைகளைக் கால்களில் கட்டிக்கொண்டு இழுத்து இழுத்து நடக்கும் குழந்தைகளைக் காட்டினாராம். சில வாரங்களில் முந்நூறு கிராமில் பட்டைகள் தயாராயின. குழந்தைகள் ஓடினார்கள். அது கழிவு அல்ல, புதுப்பொருள்தான். ஆனாலும் ஏவுகணையிலிருந்து குழந்தையின் காலுக்கு வந்தது ஏற்றமா இறக்கமா என்று யாராவது கேட்டால் நான் அவர்களோடு பேச்சை நிறுத்திக்கொள்வேன்.

ஆகையால் படி இறங்குவது என் கவலை அல்ல. யாருக்குப் படியே கிடைப்பதில்லை என்பதுதான் என் கவலை.

கரியிழைக்கு விலை உண்டு. அதனால் அதை மீட்க உலை கட்டுகிறார்கள், ஆராய்ச்சி செய்கிறார்கள். கண்ணாடி இழை மலிவு. புதிதாக வாங்குவதைவிட மீட்பது செலவு என்றால் எந்த வியாபாரி மீட்பான்? ஆண்டிபட்டிக் காட்டில் கிடக்கும் இறக்கையில் இருப்பது கண்ணாடி இழை. ஒரே இறக்கையில் இரண்டும் இருந்தால்கூட, கரிக்கு ஆள் வரும், கண்ணாடிக்கு வராது. கண்ணாடி இழைக்கு ஒரு நல்ல முடிவு இருக்கத்தான் செய்கிறது. துண்டாக்கிச் சிமெண்டுச் சூளையில் போட்டால் பிசின் எரிபொருளாகிறது, கண்ணாடியில் உள்ள மணற்சத்து சிமெண்டோடு சேர்ந்துவிடுகிறது. ஜெர்மனியில் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறார்கள். விருதுநகரிலும் அரியலூரிலும் சூளைகள் உள்ள நமக்கு இது எட்டாத காரியமல்ல. அதிலும் ஒரு சிக்கல்: கரியிழை அந்தச் சூளையில் எளிதில் எரியாது, மின்சாரத்தைக் கடத்துவதால் புகைத்தூசியைப் பிடிக்கும் மின்சாதனங்களையும் கெடுத்துவிடக்கூடும். ஆகவே முதலில் இரண்டையும் பிரிக்க வேண்டும். பிரிக்க வேண்டும் என்றால் எந்த இறக்கையில் எது எங்கே இருக்கிறது என்று செய்தவன் சொல்ல வேண்டும். அறுக்கும் கூலியாளுக்கு அது தெரியாது. அவனுக்குத் தெரிவதெல்லாம் அரிப்புதான்.

அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்துக் காஸ்பர் என்ற ஊரில் இறக்கைகளைத் துண்டாக்கி வரிசை வரிசையாகக் குழியில் அடுக்கி மண் போட்டார்கள். அந்தப் படம் 2020-ல் உலகமெங்கும் பரவியது. நானும் பார்த்தேன். பெரிய வெள்ளை எலும்புகளை அடக்கம் செய்வது போலவே இருந்தது. ஒரே வித்தியாசம், எலும்பு மக்கும்.

விலை உள்ளதற்கு மீட்சி, விலை இல்லாததற்குக் குழி. இதை ஏதோ பொருளாதாரம் என்று எண்ணி நாம் தாண்டிப் போய்விடுகிறோம். நம் வீடுகளில் நடப்பதையும் கொஞ்சம் பார்க்கலாம். ஓய்வூதியம் வாங்கும் பாட்டனாருக்குக் காப்பி நேரத்துக்கு வருகிறது. காற்றாடிப் பேச்சு இங்கே ஏன் வந்தது என்று கோபிக்காதீர்கள்; கதை எழுதுகிறவனுக்கு எதைப் பார்த்தாலும் வீட்டு ஞாபகம் வந்துவிடுகிறது.

*

அன்றிரவு மொட்டை மாடியில் என் தோழனோடு வாதம் வளர்ந்தது. அவன் விஞ்ஞானத்தில் நம்பிக்கை உள்ளவன். நம்பிக்கை உள்ளவர்களோடு வாதாடுவது எனக்குப் பிடிக்கும்.

"நீ ரொம்ப அவசரப்படுகிறாய்" என்றான். "முப்பது வருஷத்துக்கு முன்னால் இந்த இறக்கையைச் செய்தவனுக்கு இதை எப்படி அழிப்பது என்று தெரியாது. இன்று மூன்று வழி தெரிகிறது. இன்னும் முப்பது வருஷத்தில் முப்பது வழி தெரியும். வருகிறவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். அவர்களிடம் விட்டுவிடு."

"தான் அழிக்கத் தெரியாததை ஒருவன் ஆக்கலாமா?" என்று நான் கேட்டேன்.

"அப்படிக் கேட்டால் எதையுமே ஆக்க முடியாது. மேற்கே பார். பென்னிகுக் 1895-ல் பெரியாற்று அணையைக் கட்டி முடித்தார். சுண்ணாம்பும் சுர்க்கியும் போட்டுக் கட்டினார். எண்பது, தொண்ணூறு வருஷம் கழித்து அதை யார் பலப்படுத்துவார்கள் என்று கணக்குப் பார்த்தா கட்டினார்? பின்னால் வந்தவர்கள் பலப்படுத்தினார்கள். இன்றைக்கும் அதைப் பற்றி இரண்டு மாநிலங்களுக்கும் வழக்கு இருக்கிறது. அதற்காக அவர் கட்டாமல் இருந்திருந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் நெல்லும் திராட்சையும் ஏது? நீ சாயங்காலம் ஒரு கொத்துப் பன்னீர்த் திராட்சை தின்றாயே, அது எந்தத் தண்ணீரில் விளைந்தது?"

இதற்கு எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. தின்ற திராட்சையை எடுத்துக்காட்டினால் யார்தான் என்ன செய்ய முடியும்! இரவெல்லாம் யோசித்துக் காலையில் காப்பியோடு பதிலைக் கொண்டுபோனேன்.

தகப்பன் பிள்ளைக்கு வயலையும் விட்டுப் போகிறான், அந்த வயல் மேல் வாங்கிய கடனையும் விட்டுப் போகிறான். பிள்ளை முணுமுணுத்துக்கொண்டே கடனைக் கட்டுவான். வயல் அவன் கையில் இருக்கிறதல்லவா? அணையும் அப்படித்தான். பழுதுபார்க்கும் பொறுப்பு யாருக்கு வந்ததோ அவர்களுக்கே தண்ணீரும் வந்தது. ஆஸ்தியும் கடனும் ஒரே கையில் சேர்ந்தன. இந்த இறக்கையின் விஷயம் வேறு. அது சுழன்ற இருபத்தைந்து வருஷமும் மின்சாரத்தை அனுபவித்தவர்கள் நாம். சுழல்வது நின்ற பிறகு, விளைச்சல் ஒன்றும் இல்லாமல், வெறும் கடனாக அது இன்னொருவர் கைக்குப் போகிறது. வயலை நாமே விற்றுத் தின்றுவிட்டுக் கடன் பத்திரத்தை மட்டும் பேரன் பெட்டியில் வைப்பதற்குப் பெயர் நம்பிக்கையா?

தோழன் காப்பியை மெதுவாகக் குடித்தான். பௌதிக ஆசிரியர்கள் தோற்றுப் போகும்போது கொஞ்சம் அமைதியாகிவிடுவார்கள் என்று நினைத்தேன். அவன் தோற்கவில்லை.

"விளைச்சல் ஒன்றும் இல்லை என்றா சொல்கிறாய்? இந்தக் காற்றாடி சுற்றாவிட்டால் அந்த மின்சாரத்துக்கு நிலக்கரி எரித்திருப்பார்கள். அந்தப் புகை உன் பேரன் தலைக்கு மேல் நிற்கும். அந்தப் புகை இல்லாத வானத்தைக் கொடுத்தோமே, அது ஆஸ்தி இல்லையா?"

உண்மையை ஒப்புக்கொள்கிறேன், அவன் சொன்னது சரி. வராமல் போன தீமையும் ஒரு சொத்துத்தான். கண்ணுக்குத் தெரியாததால் அதைச் சொத்துக் கணக்கில் எழுத எனக்குத் தோன்றவில்லை. புகைக் கடனோடு ஒப்பிட்டால் இறக்கைக் கடன் சிறியது. பட்டா நிலத்தின் ஓரத்தில் கிடக்கிறது, யாரையும் கடிக்கவில்லை, ஆடுகளுக்கு நிழல்கூடக் கொடுக்கிறது.

ஆனால் பெரிய கடனை அடைத்தவனுக்குச் சின்னக் கடனை மறந்துவிட உரிமை உண்டா? சின்னக் கடனை வைத்துக்கொண்டிருப்பது இன்னும் வெட்கம் அல்லவா? அடைக்க முடியாத கடன் என்றால் விதி என்று சொல்லலாம். யந்திரம் இருபத்தைந்து வருஷம் சம்பாதிக்கிறது. கோயிலுக்குக் கட்டளை எழுதி வைக்கிறவர்கள் விளைச்சலில் இன்ன பங்கு விளக்கெண்ணெய்க்கு என்று முதலிலேயே ஒதுக்கிவிடுகிறார்கள். அதுபோல ஒவ்வொரு வருஷ வருமானத்திலும் ஒரு சிறு பங்கை இறக்கையின் கடைசிக் காரியத்துக்கு ஒதுக்கினால் கம்பெனி நொடித்துப் போய்விடாது. கழற்றுகிற அன்றைக்கு, லாபம் எல்லாம் பிரிந்து போன பிறகு, யார் பணம் போடுவது என்று கேட்டால் ஒருவரும் போட மாட்டார்கள். சாவு வீட்டில் செலவுக்கு அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பது போலத்தான் ஆகும்.

முதலிலேயே எண்ணிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். சீமன்ஸ் கமேசா நிறுவனம் 2021-ல் ஒரு புதுவகை இறக்கையை அறிவித்தது. அதன் பிசினைத் தந்தது நம் நாட்டு ஆதித்ய பிர்லா நிறுவனம். இந்தப் பிசினும் இறுகி, காற்றையும் உப்பையும் மற்றவற்றைப் போலவே தாங்குகிறது. இளஞ்சூடான மெல்லிய அமிலத்தில் போட்டால் மட்டும் பிடியைத் தளர்த்தி இழையை விட்டுவிடுகிறது. 2022-ல் ஜெர்மனியின் கடலில் காஸ்காசி என்ற இடத்தில் அத்தகைய இறக்கைகளைப் பொருத்தினார்கள். உலையும் வேண்டாம், அரைப்பும் வேண்டாம். முடிச்சைப் போடும்போதே அவிழ்க்கும் நுனியை வெளியே விட்டுக் கட்டியிருக்கிறார்கள். மாட்டைக் கட்டும் எந்தக் குடியானவனுக்கும் தெரிந்த முடிச்சு அது.

இதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியும் கொஞ்சம் கோபமும் சேர்ந்தே வந்தன. முடியும் என்றால், ஏன் முதலிலிருந்தே செய்யவில்லை? யாரும் கேட்கவில்லை என்பதே பதிலாக இருக்க வேண்டும். எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்டோம். எத்தனை யூனிட் தரும் என்று கேட்டோம். உழைத்து முடித்த பிறகு என்ன ஆகும் என்று வாங்குகிறவனும் கேட்கவில்லை, விற்கிறவனும் சொல்லவில்லை. கேட்காதவர்களில் நானும் ஒருவன். சென்னையில் என் மேஜைக்கு மேல் ஒரு விசிறி சுற்றுகிறது. ஆனி, ஆடி மாதங்களில் அதைச் சுற்ற வைப்பதில் ஆண்டிபட்டிக் காற்றுக்கும் பங்கு இருக்கும். அதன் கீழே உட்கார்ந்து பதினைந்து நாவல்கள் எழுதியிருக்கிறேன். மின்கட்டணத்தை ஒருநாள் தவறாமல் கட்டியிருக்கிறேன். அத்தோடு என் பாக்கி தீர்ந்துவிட்டது என்றுதான் அந்தத் துண்டு பறக்கிற வரைக்கும் எண்ணியிருந்தேன்.

*

ஊருக்குப் புறப்படும் நாளன்று மறுபடி அந்தக் காட்டுப் பக்கம் போனேன். அயர்லாந்தில் கார்க் வட்டாரத்தில் 2022-ல் பழைய இறக்கைகளையே விட்டங்களாகப் போட்டு நடைபாலம் ஒன்று அமைத்தார்கள் என்று முந்தைய இரவு படித்திருந்தேன். அதைப் பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்று ஆசை. எழுத்தாளர்களுக்கு இந்த வியாதி உண்டு. படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னை அழைத்துப் போய் ஓடைப் பக்கம் காட்டினார். இன்னொரு இறக்கையிலிருந்து ஒடிந்த ஆள் நீளத் துண்டு ஒன்று ஓடையின் குறுக்கே கிடந்தது. அதன் மேல் ஆட்டுக் குளம்புகளின் தடம்.

"பாலம் நாங்களும் போட்டுட்டோம்ங்கய்யா. மழைக்காலத்துல குட்டிக தாண்ட வசதியா இருக்கு. ஒரு துண்டு போதும். பாக்கி எல்லாத்துக்கும் பாலம் போட இங்க எத்தனை ஓடை இருக்கு?"

திரும்பி வந்து இறக்கையின் நிழலில் உட்கார்ந்தோம். கையால் தடவிப் பார்த்தேன். வெயிலில் மேற்பூச்சு உரிந்து, உள்ளே இழைகள் முடி முடியாகத் தெரிந்தன. விரலில் குத்தியது.

"தொடாதீங்க, அரிக்கும்" என்றார். பிறகு, "அடுத்த மாசம் லாரி வரும், எடுத்துருவோம்னு சொல்லிட்டுப் போனாக. ரெண்டு தீபாவளி போயிருச்சு. நீங்க பத்திரிகையில எழுதுறவுகன்னு வாத்தியாரய்யா சொன்னாரு."

"ஆமாம்."

"இதையும் எழுதுவீகளா?"

"எழுதுவேன்."

அவர் கொஞ்ச நேரம் ஆடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவுக படிப்பாகளா?" என்று கேட்டார்.